ஒலி அடங்கும் இடம்

தியானத்தில் அமரும் சாதகனுக்கு முதலில் தென்படுவது அமைதி அன்று. தன் மனத்தின் இரைச்சலே. கண்களை மூடும்வரை அப்படியோர் இரைச்சல் உள்ளே இருப்பதையே அவன் அறிவதில்லை. மூடிய மறுகணம் நேற்றைய சொற்பூசல், நாளைய கவலை, செலுத்த மறந்த தவணை, எங்கோ காதில் விழுந்த பாட்டு எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வருகின்றன. பத்து நிமிடம் கழிவதற்குள் 'இது நமக்கு ஆகாத காரியம்' என்று எழுந்துவிடுபவர்கள் பலர்.

இவர்களுக்கு ஒலி ஒரு துணையாக வந்து நிற்கிறது. முன்பு கேஸட்டாக வந்தது. பிறகு குறுந்தகடாக வந்தது. இன்று கைப்பேசியில் கேட்ட நேரத்தில் கிடைக்கிறது. தம்பூராவின் சுருதி, ஓங்கார முழக்கம், மழையின் ஓசை, புல்லாங்குழல், 'இப்போது மூச்சைக் கவனியுங்கள்' என்று வழிநடத்தும் மென்குரல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு நாள்தோறும் அமர்பவர்கள் ஏராளம். அவர்களுள் சிந்திப்பவர்களுக்கு ஓர் ஐயம் எழுகிறது: 'செய்வது தியானமா, அல்லது கேட்பது மட்டும்தானா?' இந்த ஐயம் நேர்மையானது. இதை ஏளனத்தாலோ சமாதானத்தாலோ ஒதுக்கிவிடக் கூடாது.

ஒலியின் துணை புதிதன்று

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனத்தை ஒருமைப்படுத்த ஒலியின் துணையை நாடுவது பாரத நாட்டிற்குப் புதிதன்று. கோயில் மணி, சங்கநாதம், பஜனை, வேதபாராயணம் ஆகிய அனைத்தும் சிதறி ஓடும் புலன்களை ஒருங்கே அழைக்கும் ஒலிகளே. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் பிரணவ ஜபத்தையும் அதன் பொருளைப் பாவிப்பதையும் சேர்த்தே கூறுகிறார். மனத்தை நிலைநிறுத்தப் பல ஆலம்பனங்களை, அதாவது பற்றுக்கோடுகளை, அடுக்கிக்கொண்டே வந்தவர், இறுதியில் அவரவர் விருப்பத்திற்கு உகந்த ஒன்றைத் தியானிப்பதாலும் மனம் நிலைபெறும் என்று கதவை அகலத் திறந்துவிடுகிறார். துணையே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணரின் சீடராக இளம் நரேந்திரர் சாதனை செய்துவந்த நாட்களில் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. அருகிலிருந்த சணல் ஆலையின் சங்கொலி அவரது தியானத்தைக் கலைத்தது. அவர் குருதேவரிடம் அதைத் தெரிவித்தார். வேறு இடம் தேடும்படியோ, காதைப் பொத்திக்கொள்ளும்படியோ குருதேவர் சொல்லவில்லை. அந்தச் சங்கொலியிலேயே மனத்தை ஒருமைப்படுத்தும்படி கூறினார். ஆலைச் சங்கு இனிய நாதம் அன்று. சாதகர் விரும்பித் தேர்ந்ததும் அன்று. எனினும் அது ஆலம்பனம் ஆயிற்று. இதிலிருந்து ஒரு நுட்பம் புலப்படுகிறது: ஒலியின் இனிமை தியானத்தை உண்டாக்குவதில்லை, கேட்பவன் தன் கவனத்தை அதில் எவ்வாறு வைக்கிறான் என்பதே உண்டாக்குகிறது.

கருவியால் ஆவதும் ஆகாததும்

பதிவு செய்யப்பட்ட ஒலி மூன்று உதவிகளை உண்மையாகவே செய்கிறது. மாறாத சுருதி பின்னணியில் ஒலித்துக்கொண்டிருந்தால், தெருவில் திடீரென எழும் வண்டிச் சத்தமும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் அதில் அமுங்கிப்போகின்றன. நாள்தோறும் அதே வேளையில் அதே ஒலி எழும்போது, 'இது அமரும் நேரம்' என்னும் பழக்கம் உடலில் படிகிறது. மேலும், ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதால், சாதகன் நடுவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தொடக்கநிலையில் இருப்பவனுக்கு இவை சிறிய உதவிகள் அல்ல.

ஆனால் இவற்றைக் கடந்து பெரிய வாக்குறுதிகளும் கூறப்படுகின்றன. 'பைனாரல் பீட்ஸ்' எனப்படும் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ், மறு காதில் 410 ஹெர்ட்ஸ் என இரண்டு தனி ஒலிகளைச் செலுத்தினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 10 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு துடிப்பை மூளை உணர்கிறது. வெளியே அப்படியொரு துடிப்பே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே இதைக் கண்டறிந்தார். 1973இல் ஜெரால்ட் ஆஸ்டர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாக அறியப்பட்டது. துடிப்பு உணரப்படுவது உண்மை. ஆயினும் மூளையின் மின்னலைகள் அந்தத் துடிப்பைப் பின்பற்றி மாறிவிடுகின்றனவா என்று ஆராய்ந்தவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே உள்ளன. அவ்வாறு மாறுவதாகவே வைத்துக்கொண்டாலும், மூளையின் ஓர் அலைவரிசை தியானம் ஆகிவிடாது. உறங்குபவனின் மூளையும்கூட அமைதியான அலைகளைக் காட்டுகிறது. அதனால் அவனை யோகி என்று எவரும் சொல்வதில்லை.

நான்கு தடைகள்

தியானத்தின் பாதையில் நான்கு தடைகள் உண்டு என்பது வேதாந்த ஆசாரியர்களின் முடிவு. கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை இவற்றுக்கு மாற்று கூறுகிறது. சதானந்தரின் வேதாந்தசாரம் இவற்றை இலக்கணப்படுத்துகிறது. லயம் என்பது மனம் உறக்கத்தில் ஆழ்வது. விக்ஷேபம் என்பது மனம் வெளிப்பொருள்களில் சிதறுவது. கஷாயம் என்பது பழைய ஆசைகளின் வாசனையால் மனம் மரத்து நின்றுவிடுவது. ரசாஸ்வாதம் என்பது நடுவழியில் கிடைக்கும் இன்பத்தைச் சுவைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவது.

இந்த நான்கையும் அளவுகோலாகக் கொண்டால் ஒலியின் பயனும் குறையும் விளங்கிவிடுகின்றன. ஒலி, விக்ஷேபத்தைத் தணிக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் தடையை விலக்க வந்த அதே ஒலி, முதல் தடையையும் நான்காம் தடையையும் தன்னுடன் அழைத்து வரக்கூடும். அலுவலகம் முடிந்து களைத்து வந்தவன் சாய்வு நாற்காலியில் படுத்து, மழையோசையைக் கேட்டுக்கொண்டே கண்களை மூடினால், அவன் சென்று சேர்வது லயத்திற்கே. அது நல்ல ஓய்வு. உடலுக்குத் தேவையான ஓய்வும்கூட. ஆனால் அதை ஓய்வு என்றே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ரசாஸ்வாதம் இதைவிட நுண்ணியது. புல்லாங்குழலின் இழைவில் உள்ளம் நெகிழ்கிறது, கண்ணீரும் வரலாம். 'இன்று தியானம் மிக நன்றாக அமைந்தது' என்று சாதகன் மகிழ்கிறான். மறுநாள் அதே இசை அதே நெகிழ்ச்சியைத் தரவில்லை. உடனே வேறொரு பதிவைத் தேடுகிறான். அடுத்த வாரம் இன்னொன்று. தியானத்திற்கு ஒதுக்கிய அரைமணியில் பத்து நிமிடம் தேடுவதிலேயே கழிகிறது. புலன் நுகர்ச்சியை விட்டு உள்ளே திரும்பப் புறப்பட்டவன், காது என்னும் புலனுக்குப் புதிய விருந்து படைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவன் அறிவதே இல்லை. அமைதியில் எழும் சுகத்தையும் சுவைக்காதே, விவேகத்தால் பற்றற்று நில் என்பது கௌடபாதர் காட்டும் வழி. அகத்தில் எழும் சுகத்திற்கே இவ்வளவு எச்சரிக்கை தேவையென்றால், செவி வழியே வாங்கிய சுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மனத்தைத் திருப்பிக் கொணர்வது யார்?

வழிநடத்தும் குரல்களில் வேறொரு சிக்கல் உண்டு. 'மனம் அலைந்திருந்தால் மெதுவாக மூச்சிற்குத் திரும்புங்கள்' என்று குரல் சொல்கிறது. கேட்பவனும் திரும்புகிறான். பயன் உண்டு என்றே தோன்றுகிறது. ஆனால் இங்கே நடந்தது என்ன? மனம் அலைந்ததை அறிந்துகொண்டது யார்? குரல்தானே நினைவூட்டியது!

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அர்ஜுனனுக்குக் கூறும் பயிற்சி இதுவே: நிலையற்ற மனம் எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கேயிருந்து அதை மீட்டு ஆன்மாவிலேயே நிறுத்த வேண்டும். ஓடியதை அறிவதும், மீட்பதும் சாதகனின் செயல்கள். மனம் அலைந்துவிட்டது என்று தானே விழித்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில்தான் சாட்சிபாவம் முளைக்கிறது. அரைமணியில் மனம் நூறுமுறை ஓடி, நூறுமுறை அவனே அதை மீட்டான் என்றால், அது தோல்வி அன்று. அந்த நூறு மீட்புகளே அன்றைய சாதனை. இந்த வேலையைக் குரலிடம் ஒப்படைத்துவிட்டால், வேலை நடக்கும். ஆனால் வலிமை வளராது. குழந்தையை எப்போதும் இடுப்பில் சுமந்துகொண்டு திரியும் தாய் அதைப் பல ஊர்களுக்குக் கொண்டு சேர்த்துவிடலாம். நடக்கக் கற்பித்ததாக ஆகாது.

அப்படியானால் பதிவு செய்த குரலே கூடாதா? கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள விபஸ்ஸனா மையம் நல்ல சான்று. எஸ். என். கோயங்கா 1969 முதல் இந்தியாவில் இப்பயிற்சியைக் கற்பித்தார். 1976இல் இகத்புரியில் மையம் செயல்படத் தொடங்கியது. 2013இல் அவர் மறைந்த பிறகும் பத்து நாள் முகாம்களில் அவரது பதிவு செய்த குரலே பயிற்சியைக் கற்பிக்கிறது. ஆனால் அந்தக் குரல் பயன்படும் முறையைக் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டியதைச் சொல்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. அதன்பின் நீண்ட மௌனம். இசைக்கு அங்கே இடமில்லை. கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். முகாம் முடிந்து வீடு திரும்புபவர்கள் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி தாமாகவே பயில வேண்டும் என்பதே அறிவுரை. குரல் ஆசிரியனாக நிற்கிறது, தாலாட்டாக நிற்பதில்லை. இந்த வேறுபாடே முக்கியமானது.

கருவி இல்லாத இரவு

துணைக்கும் அடிமைத்தனத்திற்கும் உள்ள வேறுபாடு சாதாரண நாட்களில் தெரிவதில்லை. சோதனை வரும் நாளில் தெரிகிறது. மும்பையை அடுத்த வசாயியிலிருந்து நாள்தோறும் சர்ச்கேட் சென்று வேலை பார்க்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நான்கு ஆண்டுகளாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு, நாள் தவறாமல் அரைமணி அமர்ந்தவர். ஒருநாள் இரவு அவருடைய தந்தை திடீரென நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். வெளியே நடைவழியில் ஒரு நாற்காலி. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் அழைப்பதற்காக எஞ்சியதைக் காக்க வேண்டும். அவர் கண்களை மூடி அமர்கிறார். நான்காண்டுகள் கேட்ட சொற்கள் அனைத்தும் நினைவில் உள்ளன. ஆனால் மனம் அவற்றில் நிற்கவில்லை. பிறரது குரலுக்குப் பணிந்து பழகிய மனம், தன் எஜமானனின் குரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவருடைய தாய். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. தியானம் என்ற சொல்லைக்கூட அவர் பயன்படுத்தியதில்லை. திரிகையில் மாவரைத்துக்கொண்டே ஓவிப் பாடல்களைப் பாடுவது மராட்டியக் கிராமப் பெண்களின் பழைய வழக்கம். சிறுவயதில் அவ்வாறு வாய்விட்டுப் பாடிய விட்டலனின் நாமம் நாளடைவில் முணுமுணுப்பாகி, இப்போது உதட்டின் அசைவு மட்டுமாகத் தேய்ந்திருக்கிறது. கணவர் உள்ளே போராடுகிறார். அவர் கண்களில் நீர் இருக்கிறது. ஆனால் உதடு நிற்கவில்லை, நிலை குலையவும் இல்லை. தவிக்கும் மகனின் கையைப் பற்றி, "நீயும் சொல்லப்பா. சத்தமாக வேண்டாம், உள்ளேயே சொல்" என்கிறார்.

தாயின் துணையும் ஒலிதான்; மகனின் துணையும் ஒலிதான். ஆனால் தாயின் ஒலி அவரே எழுப்பியது. அதனால் அது அவருடனேயே வளர்ந்து, அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. மகனின் ஒலியோ இரவல் பெற்றது. அது கருவியிலேயே தங்கிவிட்டது.

வெளியிலிருந்து உள்ளே

அந்தத் தாய் அறியாமலே ஏறிய ஏணியை நம் முன்னோர் பெயரிட்டு வைத்துள்ளனர். வாய்விட்டுச் சொல்வது வாசிக ஜபம். உதடு மட்டும் அசையச் சொல்வது உபாம்சு. மனத்திற்குள்ளேயே சொல்வது மானசம். இவற்றுள் உபாம்சு நூறு மடங்கும் மானசம் ஆயிரம் மடங்கும் உயர்ந்தவை என்று மனு ஸ்மிருதி கணக்கிடுகிறது. கணக்கைவிட அதன் திசையே கருதத்தக்கது. ஒலி தடித்ததிலிருந்து மெல்லியதற்கும், வெளியிலிருந்து உள்ளுக்கும் செல்கிறது. இந்த ஏணியில், பிறர் உச்சரித்துப் பதிவு செய்த ஓங்காரத்தைக் கேட்டிருப்பது வாசிக ஜபத்திற்கும் ஒரு படி கீழே நிற்கிறது. படி என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. கீழ்ப்படி என்பதால் அதில் குடியிருக்கக் கூடாது.

நாத யோகத்தைக் கூறும் நூல்களும் இதே திசையைக் காட்டுகின்றன. நாதபிந்து உபநிஷதமும் சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகையும் யோகியின் உள்ளே எழும் நாதங்களை வரிசைப்படுத்துகின்றன: முதலில் கடல், மேகம், பேரிகை போன்ற பேரொலிகள், இடையில் மத்தளம், மணி போன்றவை, இறுதியில் சலங்கை, குழல், வீணை, வண்டின் ரீங்காரம். பேரொலி கேட்கும்போதும் நுண்ணொலியையே நாட வேண்டும் என்பது கட்டளை. அதற்கும் அப்பால், விறகில் பற்றிய நெருப்பு விறகுடன் சேர்ந்தே அணைவதுபோல, நாதத்தில் பற்றிய மனம் நாதத்துடன் சேர்ந்தே ஒடுங்கும் என்று ஹடயோகப் பிரதீபிகை உவமை கூறுகிறது. இங்கே பேசப்படுவது உள்ளே எழும் நாதம். கருவியின் ஒலி அன்று. எனினும் கருவியின் ஒலிக்கும் இந்த உவமை ஒரு பாடம் சொல்கிறது. விறகு எரிந்து தீர வேண்டியது. தீராமல் மேலும் மேலும் அடுக்கிக்கொண்டே போனால், நெருப்பு வளரும், அடங்காது.

மாண்டூக்ய உபநிஷதம் இதை முடிந்த முடிவாகக் காட்டுகிறது. ஓங்காரத்தில் அகாரம், உகாரம், மகாரம் என மூன்று மாத்திரைகள். நான்காவது மாத்திரையற்றது, ஒலியற்றது. அந்த ஒலியின்மையே துரீயம், அதுவே ஆன்மா. மூன்று மாத்திரைகளும் நான்காவதற்கு வழிவிடுவதற்காகவே ஒலிக்கின்றன. ஓங்காரப் பதிவு முடிந்தவுடன் அடுத்த பதிவு தானாகத் தொடங்கிவிடும் ஏற்பாட்டில், இழக்கப்படுவது அந்த நான்காவதுதான்.

நாள்தோறும் செய்யத் தக்கது

ஒலியின் துணையோடு தியானம் பழகுபவர்கள் அதை இன்றே கைவிட வேண்டும் என்பதில்லை. மெல்ல மெல்லத் தேய விடுவதே முறை.

ஒலியைத் தேர்வதில் எளிமை வேண்டும். சொற்களும் ராக விரிவும் இல்லாத தம்பூரா சுருதி மிகவும் ஏற்றது. அது மனத்தை எங்கும் அழைத்துச் செல்வதில்லை. தேர்ந்த ஒன்றைச் சில மாதங்களுக்கேனும் மாற்றாதிருப்பது நல்லது. ஒலி மெல்லியதாக இருக்கட்டும்; காதுக்குள் பொருத்தும் கருவியைக் காட்டிலும் அறையில் தொலைவில் வைத்த ஒலிபெருக்கி நல்லது. அமரும் வேளையில் கைப்பேசியின் அழைப்புகளையும் செய்திகளையும் நிறுத்திவைக்க வேண்டும். நிமிர்ந்து அமர்ந்தே செய்ய வேண்டும்; படுத்துக் கேட்பதை ஓய்வு நேரத்திற்கு ஒதுக்கலாம்.

இருபது நிமிடம் அமர்பவர் முதல் மாதம் முழுவதும் ஒலியோடே அமரட்டும். இரண்டாம் மாதம் கடைசி ஐந்து நிமிடம் ஒலி இல்லாமல் இருக்கட்டும். மூன்றாம் மாதம் பாதி நேரம். அதன்பின் தொடக்கத்தில் சில நிமிடம் மட்டும். இறுதியில் தொடக்கத்திற்கு ஒரு மணியோசை, முடிவுக்கு ஒரு மணியோசை போதும். வாரத்தில் ஒருநாள் முதலிலிருந்தே கருவியின்றி அமர்ந்து பார்ப்பது, முன்னேற்றத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டும். ஒலி நின்றதும் உடனே எழுந்துவிடக் கூடாது. அது நின்ற இடத்தில் என்ன எஞ்சியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தவன் இன்னும் இருக்கிறானே, அவன் யார்? அந்த ஒரு வினாவிற்காகவே அதுவரை ஒலி ஒலித்தது.

இந்த ஒழுங்கு எல்லோருக்கும் ஒரே கட்டாயம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். நோய்ப்படுக்கையில் இருக்கும் முதியவருக்கும், துயரத்தின் முதல் நாட்களில் தவிப்பவருக்கும், பதிவில் கேட்கும் ஒரு நாமாவளியே இறைவனின் கரமாக அமையலாம். அவர்களிடம் ஏணிப்படியின் கணக்குப் பேசுவது அறம் அன்று. மனநோயால் வருந்துபவர்கள் மருத்துவரின் அறிவுரையோடுதான் தியானத்தில் ஈடுபட வேண்டும். எந்த ஒலிப்பதிவும் மருந்துக்கு மாற்று ஆகாது.

முதல் சில வாரங்களில் மௌனம் வறண்டதாகத் தோன்றலாம். இரைச்சல் மீண்டும் எழும். அப்போது சாதகன் அஞ்ச வேண்டியதில்லை. நீண்டகாலம், இடையறாது, சிரத்தையோடு செய்யும் அப்பியாசமே உறுதியான அடித்தளம் ஆகும் என்று பதஞ்சலி உறுதி கூறுகிறார். எளிதாக இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. எளிமையைத் தேடிப் புறப்பட்டவனை ஒலி வாசல்வரை அழைத்து வந்துவிட்டது. அதற்கு அவன் நன்றி கூறட்டும். கதவைத் திறந்து உள்ளே செல்ல வேண்டியவன் அவனே. மின்சாரம் நின்றாலும் நில்லாத, கருவி பழுதானாலும் பழுதாகாத, எவராலும் பதிவு செய்ய இயலாத அந்தப் பேரமைதி ஒவ்வொருவர் உள்ளத்திலும் சுடர்வதாக!